வேலையில் அடிபட்டு பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2009இல் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு அழுத்துகிற ஒரு பவர் பிரஸ் மெஷினில் என் வலது கை மாட்டியது. ஆள்காட்டி விரலில் நுனிக் கணு போய்விட்டது. நடுவிரலில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கிற நார்) அறுந்து, தைத்தார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் தெரபி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க ஆபீசில் உட்கார்ந்து, அடிபட்டு வருகிறவர்களுக்கு பாரம் எழுதிக் கொடுக்கிறேன்.

வருகிறவர்கள் முதலில் பணத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். டீ குடித்து முடித்த பிறகு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த பிசியோ ரூம்ல..." என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பட்டதையும், பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

பிசியோன்னா வலிக்கத்தானே செய்யும்? எது சகஜம், எது கொடுமை?

வலிக்கும். அதில் பொய் சொல்ல ஒன்றும் இல்லை. மாவுக்கட்டுக்குள் ஆறு வாரம் கிடந்த மூட்டு சும்மா மடங்காது.

ஆனால் வலியில் வகை உண்டு. மடக்கும்போது இழுக்கிற மாதிரி வலித்து, விட்டதும் அடங்கி, ராத்திரி கொஞ்சம் கடுத்து, காலையில் பழையபடி ஆகிவிட்டால் பரவாயில்லை. அது வேலை நடப்பதற்கு அடையாளம். மறுநாளும் வீங்கிப்போய், நேற்று மடங்கிய அளவுகூட இன்று மடங்கவில்லை என்றால், நேற்று அளவு மீறிவிட்டார்கள் என்று அர்த்தம். சுரீரென்று குத்தினாலோ, கரண்ட் அடித்த மாதிரி ஓடினாலோ, உள்ளே ஏதோ 'டப்'பென்று விட்ட மாதிரி இருந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கை வீங்கி, தோல் பளபளத்து, நிறம் மாறி, காரணமில்லாமல் வேர்த்து, சட்டைத் துணி பட்டாலே எரிகிறதா? அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அது தாங்கிக்கொண்டு சரிசெய்கிற வலி இல்லை.

'இன்னும் கொஞ்சம் இழு' என்பது வீரம் என்று நினைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். முழங்கை உடைந்து கூடியவருக்கு வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளக்கூடும். தைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் நைந்த கயிறு மாதிரி. கணக்குப் பார்த்துத்தான் அசைக்க வேண்டும், மிஞ்சி இழுத்தால் விட்டுவிடும். (நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 'நரம்பு அறுந்துடுச்சு' என்பார்கள். அறுந்தது நரம்பா, தசைநாணா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் தெரபி வேறு.)

கொடுமை என்று நான் சொல்வது ஒன்றைத்தான். நீங்கள் 'போதும்' என்று சொன்ன பிறகும் கை நிற்காமல் இருப்பது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஆள் பெயரும் இடமும் வேண்டாம். ஆபரேஷன் ஆகி நான்காவது வாரம். தெரபிஸ்ட் என் நடுவிரலை மடக்கிப் பிடித்துக்கொண்டே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "சார், போதும் சார்" என்றேன். "பிரஸ்ல கைய விடும்போது வலிக்கலையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மறுநாள் அந்த விரல் தானாக மடங்கவே இல்லை. இரண்டாவது ஆபரேஷன்.

அதற்கப்புறம் வேறு இடத்தில் பார்த்த அம்மா, முதல் நாளே ஒரு விஷயம் சொன்னார்: "நான் தொடுறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறேன்னு சொல்வேன். நீங்க நிறுத்துன்னா நிறுத்துவேன். அப்புறம் எதுக்கு நிறுத்தச் சொன்னீங்கன்னு கேட்பேன்." அவரிடமும் வலித்தது. ஆனால் பயம் இல்லை. பயந்தவன் தசையை இறுக்கிக்கொள்வான், இறுக்கினால் இன்னும் வலிக்கும். அடங்கின கையில்தான் தெரபி பிடிக்கும்.

'நடிக்கிறான்', 'லீவுக்காக இழுக்கிறான்' என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். என்ன செய்வது?

இது அதிகம் பேர் கேட்கிற கேள்வி. முதலில், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உள்ள தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பயனாகக் கிடைக்கும். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் 70 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரை. வேலை விபத்துக்கு அந்த 91 நாள் கணக்கு இல்லை. ஊனம் நீடிக்கிற வரை டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆக, நீங்கள் தெரபி ரூமில் விரலை எவ்வளவு மடக்குகிறீர்கள் என்பதில் பணம் தொங்குகிறது. பணம் தொங்குகிற இடத்தில் சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் வழுக்கி விழுந்தவரை யாரும் 'நடிக்கிறீங்களா' என்று கேட்பதில்லை. அதே கை, அதே முறிவு, கம்பெனியில் நடந்தது என்றால் கேட்கிறார்கள்.

நடிப்பவர்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பேருக்காக மற்ற எல்லாரையும் குற்றவாளி மாதிரி நடத்துவது சிகிச்சை இல்லை.

வழி இருக்கிறது. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு, கோனியோமீட்டர் என்பார்கள், பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருக்கும். பிடியின் பலத்தை அளக்கவும் கருவி உண்டு. "சார், வாரா வாரம் அளந்து என் சீட்டில் எழுதிடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். தானாக மடக்கும்போது எவ்வளவு, அவர் பிடித்து மடக்கும்போது எவ்வளவு என்று இரண்டும் எழுத வேண்டும். எழுத்தில் எண் வந்துவிட்டால் 'நடிக்கிறான்' என்ற பேச்சுக்கு வேலை குறைந்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று சர்டிபிகேட் கொடுப்பவர் டாக்டர், தெரபிஸ்ட் இல்லை. அவர் கோபத்தில் சொல்வதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

நன்றாகத் தேறிவிட்டால் நஷ்ட ஈடு குறைந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சை நம்பி எக்சர்சைஸையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

உறுப்பு துண்டாகிப் போனால் சதவீதம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. கட்டைவிரல் முழுதும் என்றால் 30. இதை நீங்கள் தெரபியில் நன்றாகச் செய்ததாலோ செய்யாததாலோ யாரும் மாற்ற மாட்டார்கள். எனக்கும் அந்த 9 அப்படித்தான் வந்தது.

விரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை என்கிற கேஸில்தான் மெடிக்கல் போர்டு என்கிற டாக்டர்கள் குழு பார்த்து முடிவு செய்கிறது. அங்கே தேறினால் சதவீதம் குறையும் என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீத ஊனம் என்றால் அந்த 90 சதவீதக் கூலியில் பத்தில் ஒரு பங்குதான் மாதாமாதம் வரும். மடங்காத விரலோடு லேத்தில் யாரும் நிற்க வைக்க மாட்டார்கள். விரலை விற்றுப் பென்ஷன் வாங்குகிற கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் நஷ்டம்தான். போர்டு கொடுத்த சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு, அதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். அங்கேதான் அந்த டிகிரிக் கணக்குச் சீட்டு உதவும்.

ஒத்தடம் வைத்த இடத்தில் கொப்புளம் வந்துவிட்டது. 'உனக்குத்தான் தெரியலையா, சூடா இருந்தா சொல்ல வேண்டியதுதானே' என்கிறார்கள். என் தப்பா?

இல்லை. நரம்பு அறுந்த கையில் சூடு உறைக்காது. உறைக்காத ஆளிடம் 'சொல்ல வேண்டியதுதானே' என்பது என்ன நியாயம்? மெழுகு ஒத்தடமோ சூடான பேடோ வைப்பதற்கு முன், அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது தெரபியின் முதல் பாடம். உணர்ச்சி இல்லை என்றால் சூடு வைக்கக் கூடாது. கொப்புளத்தைச் செல்போனில் படம் எடுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே பிளேட், ஸ்க்ரூ வைத்திருப்பவர்களும் இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களும் மெஷின் போடுவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள். சில மெஷின்கள் உலோகத்தைச் சூடேற்றும். 'கரண்ட் வைக்கிறோம்' என்றால் எந்த கரண்ட், எதற்கு என்று கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறார்கள் என்றால் அது அவர்கள் பிரச்சினை.

தெரபிஸ்ட் ஐந்து நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. மெஷினை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். இதுவும் கொடுமையில் சேருமா?

இதில் அவசரப்பட்டு யாரையும் திட்ட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளிலும் இஎஸ்ஐயிலும் காலை எட்டரை மணிக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஆள் எத்தனை கையைத்தான் பிடிப்பார்? அது ஆள் பற்றாக்குறை. அதற்கான மனு மேலே போக வேண்டும், அந்தத் தெரபிஸ்ட் தலையில் விடியக் கூடாது.

ஆனால் வராத நாளுக்கும் வந்ததாகக் கையெழுத்துக் கேட்டால், அது வேறு. தனியார் இடங்களில் பில்லுக்காக இது நடக்கிறது. '20 சிட்டிங் முடிந்தது' என்று பேப்பரில் ஏறிவிட்டால், பிறகு 'இத்தனை தெரபி கொடுத்தும் தேறவில்லை, இவன்தான் ஒத்துழைக்கவில்லை' என்று உங்கள் பக்கமே திரும்பும். நடக்காத சிட்டிங்குக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூட்டத்துக்கு நடுவில் உங்களால் செய்ய முடிவது: வீட்டில் செய்ய வேண்டியதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது. செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

நான் பெண். தெரபிஸ்ட் ஆண். தொடுகிற விதம் சரியில்லை. வேலைக்காரி என்பதால் இளக்காரமாகவும் பேசுகிறார். யாரிடம் சொல்வது?

அம்மா, முதலில் இது: உங்களுக்குச் சரியில்லை என்று தோன்றினால் அது போதும், ஆதாரம் தேடிக்கொண்டு அடுத்த சிட்டிங் போக வேண்டாம். ஆண் ஒருவர் உடம்பைத் தொட்டுச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைகளிலேயே அது இருக்கிறது. இடுப்பு, தோள், தொடை என்று தெரபி போகிறபோது எந்த இடத்தைத் தொடப் போகிறார், எதற்கு, எவ்வளவு துணி விலக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். திரை இல்லாத பெஞ்சில் சேலையை விலக்கச் சொல்வதைச் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியும் அந்தச் சட்டப்படி ஒரு பணியிடம்தான், அங்கே சிகிச்சைக்கு வந்த பெண்ணும் அந்த ஆஸ்பத்திரியின் உள் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவே இல்லாத சின்ன கிளினிக் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. போலீசுக்கும் போகலாம், ஒன்று போனால் மற்றொன்று அடைபடாது. ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை என்றால் 181 பெண்கள் உதவி எண்.

கம்பெனி சூப்பர்வைசர் தெரபி ரூமுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். தடுக்க முடியுமா?

முடியும். கூட வந்தது நல்ல மனசிலேயே இருக்கலாம், ஆட்டோ காசும் அவரே கொடுத்திருக்கலாம். ஆனாலும் உங்கள் உடம்பு விவரம் உங்களுக்கும் டாக்டருக்கும் இடையில். "சார், நீங்க வெளியில உட்காருங்க" என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், தெரபிஸ்டிடம் தனியாகச் சொல்லுங்கள், அவர் சொல்வார். அவர் சொல்ல மறுத்தால் அந்த இடம் யாருக்காக நடக்கிறது என்று உங்களுக்குப் புரிந்துவிடும். கம்பெனியே பணம் கட்டி அனுப்புகிற தனியார் கிளினிக்குகளில் இது கூடுதல்.

'லைட் டியூட்டி தருகிறோம், திங்கள் வந்துவிடு' என்று எச்ஆர் போன் செய்கிறார். தெரபி பாதியில் இருக்கிறது.

லைட் டியூட்டி என்று கூப்பிட்டுப் பழைய மெஷினிலேயே நிறுத்திய கதை என்னிடம் நிறைய இருக்கிறது. டாக்டர் வேலைக்குத் தகுதி என்று கடைசி சர்டிபிகேட் கொடுக்கும் வரை போக வேண்டாம். போனால் அந்த நாள் முதல் ஊனப் பயன் நிற்கும், மறுபடி வீங்கினால் 'இது புதுசு, பழைய விபத்தோடு சம்பந்தம் இல்லை' என்பார்கள். போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'என்ன வேலை, எத்தனை கிலோ தூக்க வேண்டும், எத்தனை மணி நேரம்' என்று எழுதித் தரச் சொல்லி, அதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிப் போன்கள் நின்றுவிடும்.

வராவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினால்: தற்காலிக ஊனப் பயன் வாங்குகிற காலத்தில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது 1948ஆம் வருட இஎஸ்ஐ சட்டம் கொடுத்த பாதுகாப்பு. அந்தச் சட்டமும் 1923இன் நஷ்ட ஈட்டுச் சட்டமும் இப்போது 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன, 2025 நவம்பர் 21 முதல் அதுதான் நடப்பு. பெயர் மாறிவிட்டது, உங்களுக்கு உரிமையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அவமானம் தாங்காமல் தெரபிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பணம் நிற்குமா?

நிற்கக்கூடும். பயன் வாங்குகிறவர் சொன்ன இடத்தில் சிகிச்சையில் இருக்க வேண்டும், குணமாவதைக் கெடுக்கிற எதையும் செய்யக் கூடாது, சோதனைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும் என்பவை இஎஸ்ஐயின் நிபந்தனைகள். சொல்லாமல் நின்றால் தவறு உங்கள் பக்கம் எழுதப்படும்.

அதனால் நிற்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி டாக்டரிடம் கொடுங்கள். 'இன்ன தேதியில் தெரபியின்போது நான் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, மறுநாள் வீக்கம் வந்தது, சிகிச்சையைத் தொடர விரும்புகிறேன், வேறு தெரபிஸ்டிடமோ வேறு இடத்துக்கோ மாற்றித் தாருங்கள்.' இதில் முக்கியமான வரி, தொடர விரும்புகிறேன் என்பது. நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடிப்போனவன் என்ற பேரும் இல்லை, அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை.

நான் கான்ட்ராக்ட். இஎஸ்ஐ கார்டே கிடையாது. எனக்கு என்ன?

முதலில் கிடையாது என்பது உண்மையா என்று பாருங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம், சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களைச் சேர்த்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்துக்கொண்டு நம்பர் சொல்லாமல் வைத்திருக்கிற கான்ட்ராக்டர்கள் உண்டு. வேலை விபத்துக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பயன் உண்டு.

உண்மையிலேயே இஎஸ்ஐ வராத இடம் என்றால் பழைய நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் வழி: வேலைக்குப் போக முடியாத காலத்தில் மாதச் சம்பளத்தின் கால் பங்கு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம். அதோடு சிகிச்சைக்கு ஆன செலவை முதலாளி கொடுக்க வேண்டும். தெரபிச் செலவும் சிகிச்சைச் செலவுதான், ரசீதை விடாதீர்கள். கான்ட்ராக்டர் கைவிட்டால் வேலை நடந்த கம்பெனியைக் கேட்கலாம். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, மனு எங்கே போட வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். '50,000 வாங்கிக்கிட்டு எழுதிக் கொடு' என்று நீட்டுகிற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள், வருவதற்கு முன் போடாதீர்கள்.

என்னென்ன பேப்பர் வைத்துக்கொள்ள வேண்டும்?

விபத்து அறிக்கையின் நகல்தான் முதலில். அதில் 'வேலை நேரத்தில், மெஷினில்' என்று இருக்கிறதா, இல்லை 'வீட்டில் விழுந்தார்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, டாக்டர் தெரபிக்கு எழுதிய சீட்டு, தெரபி வருகை அட்டை. டாக்டர் பார்த்த இடத்தில் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் 2002ஆம் வருட நடத்தை விதி. அரசு இடம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, யார் பார்த்தார், என்ன செய்தார், வலி பத்துக்கு எத்தனை, ராத்திரி தூங்கினேனா. நாளுக்கு ஒரு வரி போதும். வலது கை போனவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஒருவருடைய நோட்டை அவர் ஏழாவது படிக்கிற பெண் எழுதியிருந்தாள். 'அப்பா இன்னைக்கு அழுதார்' என்று ஒரு நாள். அதை அடித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

புகார் எங்கே கொடுப்பது? எல்லா இடத்திலும் 'இங்க இல்ல, அங்க' என்கிறார்கள்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலேயே இரண்டு இஎஸ்ஐ. கே.கே. நகர் மருத்துவமனை இஎஸ்ஐ கார்ப்பரேஷன் நேரடியாக நடத்துவது, அதாவது மத்திய அரசுப் பக்கம். அயனாவரம் மருத்துவமனையும் தெருமுனை டிஸ்பென்சரிகளும் மாநில அரசு நடத்துபவை. முதல் வகைக்கு அந்த மருத்துவமனை கண்காணிப்பாளர், அடுத்து நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில் இருக்கிற மண்டல அலுவலகம். இரண்டாவது வகைக்கு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அடுத்தபடி மாநில அரசு, முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். பணம் நின்றது பற்றிய புகார் மட்டும் எந்த வகையானாலும் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு. சிகிச்சைக்கு ஒரு கதவு, பணத்துக்கு இன்னொரு கதவு. இதைக் கலந்து ஒரே மனுவில் எழுதினால் இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

தவறான சிகிச்சையால் நஷ்டம் ஆகியிருந்தால் நுகர்வோர் ஆணையம். 'இஎஸ்ஐ இலவசம்தானே, நுகர்வோர் எங்கே வந்தார்' என்று கேட்பார்கள். இலவசம் இல்லை, உங்கள் கூலியில் பிடித்த காசு. கிஷோர் லால் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றமே இஎஸ்ஐ சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. தனியார் கிளினிக்கும் அப்படியே. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி மட்டும் இதில் வராது, அங்கே டீனிடம் மனு, அப்புறம் மாநில மனித உரிமை ஆணையம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம், மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடம் என்று கெடு உண்டு.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று வீட்டில் உட்கார வேண்டாம். ஆலைத் தொழிலாளி, பெண்கள், பட்டியல் வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போகலாம், 15100க்குப் போன் செய்யலாம்.

மனுவில் என்ன எழுதுவது? 'கொடுமைப்படுத்தினார்' என்று எழுதாதீர்கள், அது படிக்கிறவருக்கு ஒன்றும் சொல்லாது. 'பிப்ரவரி 12 காலை 10 மணி, நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை, இந்த வார்த்தை சொன்னார், பக்கத்தில் இன்னார் இருந்தார், மறுநாள் இந்த அளவு குறைந்தது.' இப்படி.

புகார் கொடுத்தால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ?

நிறுத்த உரிமை இல்லை. ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால்தான் மனுவிலேயே வேறு தெரபிஸ்ட் கேட்கச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவர் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

எங்களோடு வேலை செய்கிற பீகார் தம்பிக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு?

அவனுக்குத்தான் எல்லாமே இரண்டு மடங்கு. வலிக்கிறது என்று சொன்னாலே சத்தம் போடுகிறான் என்று ஆகிவிடுகிறது. 'நிறுத்து', 'வலிக்குது', 'மரத்துப் போச்சு', 'எரியுது' என்ற நான்கு வார்த்தையையும் ஒரு அட்டையில் இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுங்கள். பத்துக்கு எத்தனை என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு சிட்டிங்குக்கு நீங்களே கூடப் போங்கள். ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினால், டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், சொல்லாமல் போனால் பயன் நின்றுவிடலாம்.

பிசியோவுக்குப் பதில் புத்தூர் கட்டு, எண்ணெய் போட்டு நீவுவது?

முறிவு கூடின மூட்டை, முக்கியமாக முழங்கையை, அழுத்தி நீவ வேண்டாம். மேலே சொன்ன அதே காரணம்தான், தசைக்குள் எலும்பு. வைத்தியர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு பேச்சு.

கைக்கு மட்டும் நல்ல இடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு. டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி வளர்த்தது, மெஷினில் சிதைந்த கைகளை அவ்வளவு பார்த்த இடம் இந்த நாட்டில் குறைவு. செயற்கைக் கால், முதுகுத்தண்டு அடி என்றால் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம்.

அண்ணே, உங்க விரல் இப்போ எப்படி இருக்கு?

இதையும் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் சேர்த்துவிடுகிறேன். நடுவிரல் முக்கால்வாசி மடங்கும். சட்டைப் பித்தான் போடுவேன், பைக் கிளட்ச் பிடிப்பேன். மழைக்காலத்தில் கடுக்கும். கீழே விழுந்த சில்லறைக் காசு மாதிரி சின்னச் சாமானை எடுக்க இடது கைதான். பாரம் எழுதுவதெல்லாம் வலது கையில்தான், எழுத்து கொஞ்சம் கோணல்.